அடித்த பிறகு எங்கே நிற்கிறாய்?

சனிக்கிழமை காலையில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பஸ்சை விட்டு இறங்கினால், வெள்ளை உடுப்பும் இடுப்பில் பெல்ட்டுமாக நாலைந்து பிள்ளைகளாவது கண்ணில் படுவார்கள். கராத்தே எங்கள் மலைநாட்டுக்கு நன்றாகப் பழகிவிட்ட கலை. பாடசாலை மண்டபம், கோயில் மண்டபம், தோட்டத்துச் சனசமூக நிலையம் என்று கூரையும் சிமெந்துத் தரையும் கிடைக்கிற இடங்களில் வகுப்பு நடக்கும். நானும் அப்படி ஒரு மண்டபத்தில் சோட்டோகான் கராத்தே பழகி வளர்ந்தவள். பிறகு கொழும்பில் வேலை செய்த காலத்தில் குத்துச்சண்டையும் முவே தாய் என்கிற தாய்லாந்துச் சண்டைக் கலையும் கற்றேன். இப்போது தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்திலேயே, பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கலப்புச் சண்டைக் கலை பழக்குகிறேன். பிள்ளைகள் அதை எம்எம்ஏ என்பார்கள். என்னை மாஸ்டர் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு நான் அக்காதான்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். எம்எம்ஏயில் கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அடிக்கலாம். எதிராளியைப் பிடித்துத் தூக்கிப் போடலாம். விழுந்தவரைத் தரையிலேயே அமுக்கி, கையைப் பூட்டியோ கழுத்தை இறுக்கியோ தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கலாம். 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் யூஎப்சி என்ற பெயரில் முதல் போட்டி நடந்தபோது எடைப்பிரிவுகூட இருக்கவில்லை. பின்னால்தான் விதிகள் வந்தன. தலையால் முட்டுவதும், பிடரியில் அடிப்பதும், கண்ணைத் தோண்டுவதும், விழுந்து கிடப்பவரின் தலையில் உதைப்பதும் இன்றைக்குத் தடை. சாதாரணப் போட்டி என்றால் ஐந்து நிமிட ரவுண்டுகள் மூன்று, பட்டத்துக்கான போட்டி என்றால் ஐந்து.

பிள்ளைகள் போனில் பார்ப்பதெல்லாம் இதன் அரை நிமிடத் துண்டுகள். ஒருவர் குத்துகிறார், மற்றவர் சாய்கிறார், கூட்டம் கத்துகிறது. அந்தக் குத்துக்கு முன்னால் அவர் கால் எங்கே இருந்தது, குத்திய பிறகு எங்கே போனது என்று அந்தத் துண்டில் தெரியாது. எம்எம்ஏயில் அடிக்கக் கற்பது என்றால் அந்தக் காலைத்தான் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போன வருஷம் பிரவுண் பெல்ட் வாங்கிய பிள்ளை ஒருத்தி வந்து சேர்ந்தாள். பதினேழு வயது. அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா தோட்ட ஸ்டோரில் வேலை. புள்ளிச் சண்டையில் நல்ல பெயர் எடுத்தவள். நான் பேட் பிடித்தேன். தூரத்தில் நின்றவள் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து வலது கையால் நேராக ஒரு குத்து விட்டாள். பேட் அதிர்ந்தது. அடுத்த நொடி அவள் நிமிர்ந்து, கையை இடுப்புக்கு இழுத்து, என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து அவளுடைய முன்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். ஒற்றைக் காலில் தத்தினாள்.

"என்னக்கா, அடிச்சிட்டேனே!"

"அடிச்ச. அடிச்ச பொறகு எங்க நிக்கிற?"

பிழை அவளுடையதில்லை, பழக்கத்தினுடையது. புள்ளிச் சண்டையில் அடி பட்டதும் நடுவர் 'யாமே' என்பார். இருவரும் நிறுத்திவிட்டுத் தங்கள் கோட்டுக்குத் திரும்புவார்கள். வருஷக்கணக்கில் அப்படிப் பழகிய உடம்புக்கு அடியோடு சண்டை முடிந்துவிடும். எம்எம்ஏயில் யாரும் யாமே சொல்ல மாட்டார்கள். நீங்கள் விட்ட ஒவ்வொரு குத்தும் உங்கள் விலாவையும் இடுப்பையும் காலையும் எதிராளிக்குக் கொஞ்சம் திறந்துவிடுகிறது. மல்யுத்தம் தெரிந்தவர் அந்தத் திறப்புக்காகவே காத்திருப்பார். அதனால் கை திரும்பி வந்து, கால் சரியான இடத்தில் ஊன்றி, இடுப்பு மறுபடி தாழ்ந்த பிறகுதான் ஒரு குத்து முடிந்ததாகக் கணக்கு.

கையை இடுப்புக்கு இழுக்கும் பழக்கமும் அப்படித்தான். கட்டா என்கிற வரிசைப் பயிற்சியில் ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்குப் போகும். எதிராளியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டே குத்துகிறோம் என்று வைத்துக்கொண்டால் அதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால் எதிரில் நிற்பவர் சுதந்திரமாகத் திருப்பி அடிக்கும்போது, இடுப்பில் கிடக்கிற கை தாடையைக் காக்காது. கராத்தேயிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் மாற்றுவது இந்த இரண்டையும்தான்.

நிற்கிற விதத்திலிருந்து தொடங்குவேன். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கால் முன்னே. பாதங்கள் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விரிந்திருக்க வேண்டும், முழங்கால் இரண்டும் லேசாக மடிய வேண்டும், பின்குதி தரையில் அழுந்தக் கூடாது. கராத்தேக்காரர் பக்கவாட்டாகத் திரும்பி நிற்பார். அப்படி நின்றால் உடம்பு சின்ன இலக்காகிவிடும் என்பது உண்மை, ஆனால் முன்கால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். உதைக்கவும் வசதி, பிடிக்கவும் வசதி. அதனால் இடுப்பை எதிராளிப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்வேன். குத்துச்சண்டைக்காரர் சிலர் முன்காலில் பாரத்தை அழுத்தி நிற்பார்கள். அதுவும் இங்கே ஆபத்து. பாரம் இரண்டு காலிலும் சமமாக இருந்தால்தான் உதை வரும்போது காலைத் தூக்க முடியும், கீழே பாய்ந்து வருகிறவருக்கு இடம் கொடுக்காமல் இரண்டு காலையும் பின்னுக்கு எறிந்து அவர் முதுகில் பாரம் போட முடியும்.

இனி ஜாப், அதாவது முன்கையால் விடுகிற நேர்க்குத்து. பார்க்க எளிது. எங்கள் மண்டபத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போகிறது. தரையில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். முன்பாதம் கோட்டுக்கு இந்தப் பக்கம். பின்கால் தரையைத் தள்ள, முன்கால் நாலு விரல் அளவு கோட்டைத் தாண்டும். அதே நேரத்தில் கை நேராகப் போகும். முழங்கை வெளியே விரியக் கூடாது, விரிந்தால் குத்து வருவதை எதிராளி முன்னமே பார்த்துவிடுவார். தோள் உயர்ந்து தாடையை மறைக்கும். முஷ்டி கடைசி நேரத்தில்தான் திரும்பி, சுட்டுவிரல் நடுவிரல் மொழிகளால் படும். போன வழியிலேயே கை திரும்பும், கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரும். அதுவரை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போகிற கை அழகாகப் போகும். வருகிற கைதான் நெஞ்சு வரை இறங்கிச் சுற்றிக்கொண்டு வரும். அந்த ஒரு சாண் இறக்கத்தில்தான் எதிராளியின் வலது கை நுழையும்.

இந்த எளிய குத்தால் என்ன செய்ய முடியும் என்று காட்ட நான் பிள்ளைகளுக்குப் போடுகிற முழுச் சண்டை ஒன்று இருக்கிறது. 2010 டிசம்பரில் மொன்றியலில் ஜோர்ஜ் செயின்ட் பியர் ஜோஷ் கொஸ்செக்கோடு மோதியது. சிறுவயதில் கியோகுஷின் கராத்தே பழகிய கனடாக்காரர் செயின்ட் பியர். கொஸ்செக் பேர்பெற்ற மல்யுத்த வீரர். ஐந்து ரவுண்டும் செயின்ட் பியர் ஜாப் போட்டே சண்டையை நடத்தினார். கொஸ்செக்கின் வலது கண் குழி எலும்பு முறிந்தது. அந்த ஜாப் ஏன் அப்படிப் பட்டது? செயின்ட் பியர் எப்போது வேண்டுமானாலும் காலுக்குப் பாய்ந்து தூக்குவார் என்ற பயம் எதிராளிக்கு இருந்தது. கீழே வருவாரோ என்று யோசிக்கும்போது மேலே பட்டது. எம்எம்ஏயில் அடியும் பிடியும் ஒன்றுக்கொன்று துணை.

பின்கையால் விடுகிற குத்துக்குப் பலம் இடுப்பிலிருந்து வர வேண்டும். விறகு பிளக்கிறவரைப் பாருங்கள். கோடரியைப் பிடித்திருப்பது கை, வேலை செய்வது காலும் இடுப்பும். அதே போலப் பின்குதி வெளியே திரும்ப, இடுப்பு திரும்ப, தோள் பின்தொடர, கடைசியாகத்தான் முஷ்டி. மூச்சை வெளியே விட்டபடி குத்த வேண்டும். அளவுக்கு மீறித் திரும்பினால் முதுகைக் கொடுத்துவிடுவோம். முதுகைப் பிடித்தவர் கழுத்துக்கு வருவார்.

கையுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 8 அல்லது 10 அவுன்ஸ் உறை. எம்எம்ஏயில் சுமார் 4 அவுன்ஸ்தான், அதாவது நூறு கிராமுக்குச் சற்று மேல், விரல்களும் வெளியே. பெரிய உறைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்கிற தந்திரம் இங்கே எடுபடாது, இரண்டு கைக்கும் நடுவே குத்து நுழைந்துவிடும். முன்கையால் தட்ட வேண்டும், அல்லது தலை அந்தக் கோட்டில் இருக்கக் கூடாது. அதற்காகக் குத்துச்சண்டைக்காரரைப் போல ஆழக் குனிந்து தப்பவும் முடியாது, கீழே முழங்கால் காத்திருக்கும்.

கராத்தே பிள்ளைகளின் கையில் திருத்த நிறைய இருக்கிறது என்றால், காலில் அவர்கள் கொண்டுவருகிற சொத்தும் நிறைய. முதலாவது மாயே கேரி, முன்னுதை. முழங்காலை நெஞ்சுக்கு உயர்த்தி, விரல்களை மேலே இழுத்து, பாதத்தின் முன்மேட்டால் உதைப்பது. வெள்ளை பெல்ட்டிலேயே கற்றுத்தருகிற உதை. எம்எம்ஏயில் இதை வயிற்றுக்கு விடுகிற தள்ளுதையாக மட்டுமே பலர் பார்த்தார்கள். 2011 பெப்ரவரியில் அண்டர்சன் சில்வா விட்டோர் பெல்போர்ட்டின் தாடையில் அதை வைத்தார். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து டொரொன்டோவில் லியோட்டோ மச்சிடா குதித்தெழுந்து அதே உதையால் ராண்டி கூட்டூரைச் சாய்த்தார். மச்சிடா சோட்டோகான் குடும்பத்துப் பிள்ளை, தகப்பனிடம் பழகியவர். கராத்தே எம்எம்ஏக்கு உதவாது என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன். குறிப்பாக மச்சிடாவிடம் பாருங்கள், உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே அசைவாக இருக்கும். பட்டதும் நின்று பார்க்கிற ஆள் அவரில்லை.

தொடைக்கும் கெண்டைக்கும் விடுகிற தாழ்ந்த உதை முவே தாயிலிருந்து வந்தது. பாதத்தால் இல்லை, கணைக்கால் எலும்பால் அடிக்க வேண்டும். எதிராளியின் பாரம் அந்தக் காலில் இறங்கியிருக்கும்போது அடித்தால்தான் பலன். 2021 ஜனவரியில் டஸ்டின் பொய்ரியே கொனர் மெக்கிரகரின் முன்காலின் கெண்டையைத் தொடர்ந்து உதைத்து, அவரால் அந்தக் காலை ஊன்ற முடியாமல் செய்தார். பிறகுதான் கையால் முடித்தார். ஆனால் கையால் கண்ணை மறைக்காமல் வெறுமனே உதைத்தால் எதிராளி காலைப் பிடித்துக்கொள்வார், அல்லது தன் முழங்காலை உயர்த்தி எலும்பைக் காட்டுவார். 2013 டிசம்பரில் கிரிஸ் வைட்மன் அப்படித்தான் காலை உயர்த்தினார். உதைத்த அண்டர்சன் சில்வாவின் கால் எலும்பு முறிந்தது. அந்தக் காட்சியை நான் பிள்ளைகளுக்குப் போடுவதில்லை, சொல்வதோடு சரி. முழங்கையையும் முழங்கால் அடியையும் இரண்டு வருஷம் பழகியவர்களுக்கே தொடங்குகிறேன், அதனால் இங்கே அதை விரிக்கவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. 2016இல் எடுத்த மக்கட்தொகை சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது சுமார் 32. அன்றைய அந்தச் சின்னப் பிள்ளைகளில் சிலர்தான் இன்று என் மண்டபத்தில் கை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போஷாக்குக்கு நான் பதில் சொல்ல முடியாது, அதற்குச் சம்பளமும் சாப்பாடும்தான் பதில். ஆனால் கை நீளம் குறைந்த பிள்ளைக்கு எப்படி அடிக்கச் சொல்லிக்கொடுப்பது என்பது என் வேலை.

முதல் ஆறுதல், இது எடைப்பிரிவு உள்ள விளையாட்டு. யூஎப்சியில் 56.7 கிலோப் பிரிவில் 2012 முதல் 2018 வரை பட்டத்தை வைத்திருந்து, தொடர்ச்சியாக 11 முறை அதைக் காத்த டிமெட்ரியஸ் ஜோன்சன் சுமார் 160 சென்டிமீட்டர் உயரம்தான். 2024 ஜூனில் யூஎப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரெடுத்த உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர் 52 கிலோப் பிரிவுக்காரி, சீனத்து வூஷுவிலிருந்து வந்தவர். நம் நாட்டிலும் 2022இல் லாகூரில் நடந்த சவாட் போட்டியில் முல்லைத்தீவுப் பெண் கணேஷ் இந்துகாதேவி தங்கம் வென்றார். சவாட் என்பது பிரான்ஸ் நாட்டு உதைச் சண்டை. அந்தச் செய்தி வந்த பேப்பரை என் பிள்ளைகள் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

கை குட்டையான பிள்ளை தூரத்தில் நின்று ஜாப்புக்கு ஜாப் மாற்றிக்கொண்டால் தோற்பாள். அவளுக்கு நான் சொல்வது: காட்டு, நுழை, விலகு. தோளை அசைத்து ஒரு குத்து வருவதாகக் காட்ட வேண்டும். எதிராளியின் கை உயர்ந்ததும் முழங்காலை மடித்து உள்ளே நுழைந்து வயிற்றுக்கு அடிக்க வேண்டும். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஈரல் இருக்கிறது. அங்கே சரியாகப் பட்டால் எவ்வளவு பெரியவரும் மடங்குவார். பிறகு வந்த வழியே பின்வாங்காமல் பக்கவாட்டில் விலக வேண்டும். நேராகப் பின்வாங்கினால் நீண்ட கைக்கு அது விருந்து. முழங்காலை மடிக்கிற அந்த ஒரே அசைவிலிருந்து வயிற்றுக் குத்தும் வரலாம், கால்பிடியும் வரலாம், தலைக்கு மேலிருந்து இறங்குகிற குத்தும் வரலாம் என்றால் எதிராளி எதைக் காப்பார்?

பக்கவாட்டில் விலகுவதை நான் முதலில் பார்த்தது கொழும்பில் இல்லை. என் தாத்தா மாசி மாதத்துக் காமன் கூத்து நாட்களில் கம்பு சுற்றுவார். சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடிதான் பழக்குவார்கள். வருகிற வீச்சின் கோட்டிலிருந்து விலகி, வீசுகிறவருடைய பக்கத்தில் போய் நிற்பதற்கான காலடி. 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹோலி ஹோம் ரொண்டா ரௌசியை வென்ற சண்டையைப் பார்த்தபோது எனக்குத் தாத்தாவின் கால்கள்தான் ஞாபகம் வந்தன. ஒலிம்பிக் ஜூடோப் பதக்கக்காரியான ரௌசி நேராகத் துரத்தத் துரத்த, ஹோம் இடது கையால் குத்திவிட்டு விலகிக்கொண்டே இருந்தார். இரண்டாவது ரவுண்டில் இடது காலால் தலைக்கு உதைத்து முடித்தார். தோட்டங்களில் இன்னும் கம்பு சுற்றத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருவிழாவுக்கு மட்டும் கூப்பிடாமல், பிள்ளைகளுக்குக் காலடி காட்டக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் மண்டபத்தில் ரிங் இல்லை. பழைய மெத்தைப் பஞ்சின் மேல் படங்கை இழுத்துக் கட்டியதுதான் தரை. குத்துகிற மூட்டை உரப்பையில் தையல்கடை வெட்டுத்துணி அடைத்தது. மண் அடைக்கக் கூடாது, அடியில் இறுகி மணிக்கட்டை உடைக்கும். கைத்துணிக்கு நாலரை மீட்டர் நீளம் வேண்டும், மணிக்கட்டிலிருந்து தொடங்கி மொழிகளைச் சுற்றி விரலிடுக்குகளால் எடுக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த விரலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிவது குத்துகிறவர்களுக்கு வழக்கமான காயம். மலை உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். எங்கள் பக்கம் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு என்றாலும், கொழும்பிலிருந்து வருகிற நண்பர்கள் இரண்டாவது ரவுண்டிலேயே இடுப்பில் கை வைத்துவிடுவார்கள். குளிரில் தசை இறுகிக் கிடக்கும், உடம்பு வேர்க்காமல் யாரும் உதைக்கக் கூடாது என்பது எங்கள் மண்டபத்துச் சட்டம்.

ஒரு பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கோடேயே ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, தலையில அடி வாங்குனா மூளைக்கு ஒன்னும் ஆகாதா?"

"ஆகும்மா" என்றேன். வேறு எதைச் சொல்ல? தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவது மூளையைப் பாதிக்கும். குத்துச்சண்டைக்காரர்களிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்து நூறு வருஷம் ஆகப்போகிறது. அதனால்தான் பன்னாட்டு அமெச்சூர் எம்எம்ஏ சம்மேளனத்தின் இளையோர் போட்டிகளில் சின்னப் பிள்ளைகளின் தலையில் அடிக்க அனுமதியில்லை. எங்கள் மண்டபத்தில் தலையைத் தொட்டு விளையாடுவோம், அடிக்க மாட்டோம். தோளைத் தொடுகிற விளையாட்டிலேயே தூரமும் நேரமும் பழகிவிடும். முழு பலமும் உரப்பைக்கும் பேட்டுக்கும்தான். தவறிப் பட்டுத் தலை சுற்றினாலோ, வாந்தி வந்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ அன்றைக்கே வைத்தியசாலை. மேல் கணக்கிலிருந்து டவுனுக்கு இறங்குகிற பாதை எல்லோருக்கும் தெரியும். இரவில் வாகனம் தேடுகிற நிலைமைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோகிற பயிற்சி எனக்கு வேண்டாம்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மகளை அடுத்த கிழமை அனுப்பினார்.

பிள்ளையை இப்படி ஒரு வகுப்பில் சேர்க்க நினைக்கிற பெற்றோர் முதலில் ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் எத்தனை பதக்கம் வைத்திருக்கிறார் என்பதைவிட அங்கே பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே முக்கியம். கை வீசுவதற்கு முன் நிற்கச் சொல்லிக்கொடுக்கிறாரா, குத்தி முடித்த பிள்ளையின் காலைப் பார்க்கிறாரா, பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளையோடு மோத விடுகிறாரா என்று கவனியுங்கள். வாய்க்கவசம் இல்லாமல் சோடி சேர்க்கிற இடம் வேண்டாம். தலையில் பட்டுத் தடுமாறிய பிள்ளையை அன்றைக்கே மறுபடி இறக்குகிற மாஸ்டராக இருந்தால், உங்கள் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.